இருபத்து மூன்றாவது கட்டம்

சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய அட்டையில் இன்னும் எட்டுக் கட்டங்கள்தான் பாக்கி.

முதல் தேதி காலையில் அண்ணி அதை ஒட்டியபோது வீடே சிரித்தது. முப்பது நாள், முப்பது கட்டம். நாடகத்துக்குப் பச்சை, கச்சேரிக்கு நீலம், மாயாஜாலத்துக்கு ஊதா, படகு, பூங்கா, மீன் காட்சிச்சாலை எல்லாவற்றுக்கும் மஞ்சள். எந்த அரங்கில் என்ன நாடகம், எத்தனை மணிக்குப் படகு கிளம்பும் என்று வாராவாரம் ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கொடுப்பதுதான் அவள் வேலை. ஊருக்கெல்லாம் பொழுதுபோக்குப் பட்டியல் போட்டவள் சொந்த வீட்டுக்குப் போட்டது அதுதான் முதல் தடவை.

போட்டது குட்டிக்காக. அண்ணியுடைய கணவரின் தங்கை. பெயர்தான் குட்டி, வயது நாற்பது. செயற்கைப் பல் செய்யும் லேபில் பதினெட்டு வருஷமாக வேலை. ஒரு பல்லின் நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தே இது எந்த வாய்க்குப் பொருந்தும் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணுக்குத்தான் கேடு வந்தது. பக்கவாட்டுப் பார்வை முழுக்க இருண்டுபோய், நடுவில் மட்டும் சாவித் துவாரம் மாதிரி ஒரு வட்டம் தெளிவாக இருந்தது. முப்பதாம் தேதி ஆபரேஷன். மிஞ்சிய வட்டம் நிலைக்கலாம், ஒரேயடியாக அணைந்தும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"அதுக்குள்ள எல்லாத்தையும் பாத்துடு குட்டி. உயிரோட, நேர்ல நடக்கறதா பாரு. டிவி வேணாம்," என்றாள் அண்ணி. கட்டங்கள் பிறந்தது அப்படித்தான்.

ஆறாவது கட்டத்தில், நாடகத்தின் இடைவேளையில், குட்டி முதல் தடவையாக ஒரு வயதான அம்மாளைப் பார்த்தாள். சாம்பல் நிறச் சால்வை, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த உருவம். பிறகு பதினோராம் தேதி மாயாஜாலத்தில். பதினாலில், பதினெட்டில். எப்போதும் இரண்டு வரிசை முன்னால். அண்ணி திரும்பிப் பார்க்கும்போது ஆள் இருக்காது.

"பார்வை குறையறப்போ மூளை சும்மா இருக்காது. இல்லாத படத்த வரைஞ்சு காட்டும். பயப்பட வேணாம்," என்றார் டாக்டர்.

குட்டி பயப்படவில்லை. வெட்கப்பட்டாள். தன் கண்ணே தனக்குப் பொய் சொல்கிறதே என்ற வெட்கம்.

இருபத்து மூன்றாம் தேதிக் காலை. நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று: மதியம் பன்னிரண்டுக்கு வாத்தியக் கச்சேரி, நாலு மணிக்குப் படகு.

கணவர் வேலைக்குக் கிளம்பும் முன் அட்டையின் எதிரே நின்றார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். விரல் நகத்தில் எப்போதும் கிரீஸ் இருக்கும். அந்த விரல் இன்றைய கட்டத்தைத் தொடாமல் தொட்டது.

"நாலு மணி படகா?"

"காத்து பலமா அடிக்குது. படக நாளைக்குத் தள்ளிடலாமான்னு பாக்கறேன்," என்றாள் அண்ணி.

"வேணாம், வேணாம்." சட்டென்று திரும்பினார். "போட்டது போட்டபடி இருக்கட்டும் காலண்டர். மாத்தாத."

'காலண்டர்' அவர் அவளுக்கு வைத்த செல்லப் பெயர். வழக்கமாகச் சொல்லும்போது ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கும். இன்று இல்லை.

"அவ்வளவு அக்கறை இருந்தா நீங்களும் வாங்களேன். இத்தன நாள்ல ஒண்ணுக்காவது வந்தீங்களா?"

"எனக்குப் படகு ஒத்துக்காதுன்னு தெரியாதா?" என்றபடி ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

குட்டி குளித்துவிட்டு வந்து கேட்டாள். "அண்ணன் என்ன சொல்லிச்சு?"

"என்ன சொல்லும்? வழக்கம்போல முறைச்சுது."

கச்சேரி மண்டபம் அந்த நேரத்தில் ஆபீஸ்காரர்களால் நிரம்பும். அரை மணி நேரம் வயலின் கேட்டுவிட்டு மறுபடி கோப்புக்குள் தலையைக் கொடுக்கிற கூட்டம். பழைய மண்டபம். ஸ்பிரிங் வைத்த மடக்கு நாற்காலிகள். ஆள் எழுந்தால் இருக்கை தானாக மேலே மடங்கிக்கொள்ளும். உட்கார்ந்தால்தான் கீழே நிற்கும்.

இரண்டு பேரும் ஏழாவது வரிசையில் உட்கார்ந்தார்கள். நாற்பது வாத்தியங்கள் ஒன்றாகச் சுருதி சேர்த்தபோது குட்டி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். "எல்லாரும் ஒரே நேரத்துல கொட்டாவி விடற மாதிரி இருக்கு," என்று காதில் சொன்னாள்.

பத்து நிமிஷம் போயிருக்கும். பிடித்திருந்த கை இறுகியது. நகம் பதிந்தது.

"இருக்காங்க அண்ணி."

"எங்க?"

"அஞ்சாவது வரிசை. தூணுக்கு இந்தப் பக்கம். திரும்பறாங்க... இன்னிக்குத் திரும்பறாங்க."

அண்ணி எட்டிப் பார்த்தாள். முன்னால் இருந்த ஆளின் தலை மறைத்தது.

"சிரிக்கறாங்க," என்ற குட்டியின் குரல் தேய்ந்தது. "அண்ணி, அந்தப் பல்லு என் வேலை."

"என்னது?"

"நான் செஞ்ச பல்லு. மேல் வரிசை. இடது கோரைப்பல்லுல மயிரிழை சாய்வு வெச்சிருப்பேன். 'நேரா வெச்சா அது என் வாய் இல்லடி'ன்னு அம்மா அடம்புடிச்சாங்க. அது அம்மாவுக்குச் செஞ்ச செட்டு."

மாமியாரை அவள் பார்த்ததில்லை. கல்யாணமாகி நாலு வருஷம். மாமியார் இறந்து ஏழு வருஷம். புகைப்படத்தில் மூடிய வாயோடு ஒரு முகம், அவ்வளவுதான்.

ஆனாலும் புத்தியை விடவில்லை. "குட்டி, உன் மூளைதானே வரையுது? நீ செஞ்ச பல்லு உன் மூளைக்குத் தெரியாதா? அதான் அதையே வெச்சு வரையுது."

சொன்னது நியாயம்தான் என்று அண்ணி தனக்கே சொல்லிக்கொண்டு, முன்னால் இருந்தவர் குனிந்த சமயம் பார்த்துத் தலையை நீட்டினாள்.

ஐந்தாவது வரிசையில், தூணுக்கு இந்தப் பக்கம், ஆள் இல்லை.

இருக்கை மட்டும் கீழே இருந்தது.

அந்த வரிசையில் காலியாக இருந்த மற்ற இருக்கைகள் எல்லாம் மடங்கியிருந்தன. அது ஒன்றுதான் பாரம் தாங்குவது போலக் கீழே நின்றது. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க, அது மெதுவாக, மிக மெதுவாக, யாரோ கையை ஊன்றி எழுந்திருப்பது போல மேலே ஏறி மடங்கியது.

ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். பழைய மண்டபம்தானே. அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கச்சேரி முடியும்வரை அந்த இருக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கச்சேரி முடிந்ததும் குட்டி முகம் கழுவப் போனாள். வாசலில் டிக்கெட் கிழிக்கிற அம்மாள் அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள். பத்திரிகை வேலையாக அடிக்கடி வருவதால் பழக்கம்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னும் கிளம்பலியா? உங்ககூட வந்தவங்க முன்னாடியே போயிட்டாங்களே."

"எங்ககூட யாரும் வரலியே."

"வயசான அம்மா. சாம்பல் கலர் சால்வை. உங்க கையில இருக்கே, கட்டம் போட்ட தாளு, இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாங்க. உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? 'என் பொண்ணு எந்த வரிசைல உக்காருவா'ன்னு கேட்டாங்க. ஏழுன்னு சொன்னேன்."

அண்ணி தாளைக் குனிந்து பார்த்தாள். படகு நேரம் பார்க்கப் பையிலிருந்து எடுத்த அந்தச் சின்னத் தாள் ஒன்றுதான் அட்டையின் நகல். இரண்டாவது அவள் எழுதவே இல்லை.

"கடைசிக் கட்டம் மட்டும் உங்களுதுல வேற," என்றாள் அந்த அம்மாள், அண்ணியின் தாளை எட்டிப் பார்த்து. "நீங்க ஆபரேஷன்னு எழுதியிருக்கீங்க. அவங்களுதுல சிவப்பு மையில 'கூட்டிட்டுப் போற நாள்'னு இருந்துச்சு."

குட்டி முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அண்ணி தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். சொல்லவில்லை. சொன்னால் எதைச் சொல்வது?

"லேபுக்குப் போலாம் அண்ணி," என்றாள் குட்டி. "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப சரி பண்ணக் குடுத்துட்டுப் போன அந்த செட்டு என் டிராயர்லதான் இருக்கு. அது அங்க இருந்தா, நான் பாத்தது என் மூளை. ஒத்துக்கறேன். அப்புறம் அதப் பத்திப் பேசவே மாட்டேன்."

லேப் இரண்டாவது மாடியில். மெழுகு உருகும் வாசனை, அரைக்கும் மெஷினின் கீச்சொலி, அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தாடைகள். முதல் தடவை வருகிறவர்களுக்கு, அத்தனையும் ஒன்றாகத் தன்னைப் பார்த்து இளிப்பது போலிருக்கும். அண்ணிக்கு இது ஐந்தாவது தடவை. இன்றும் அப்படியே இருந்தது.

குட்டியின் இடத்தில் இப்போது மெழுகு என்கிற ஆள் உட்கார்ந்திருந்தான். மூன்று வருஷம் முன்பு சேர்ந்தவன். பல்லுக்கு மெழுகு வார்ப்பதில் கெட்டிக்காரன், அதனால் அந்தப் பெயர்.

"வாங்க வாங்க! பல்லு போனா சொல்லு போச்சுங்கறாங்க, நீங்க போனதுல எங்களுக்குச் சிரிப்பே போச்சு," என்றான்.

குட்டி நேராகக் கடைசி டிராயரை இழுத்தாள். கையால் தடவி ஒரு சின்னப் பெட்டியை எடுத்தாள். எடுத்தவுடனே தெரிந்துவிட்டது அவளுக்கு. கனம் இல்லை.

திறந்தாள். பஞ்சு மட்டும் இருந்தது. பஞ்சில் ஒரு வளைவான பள்ளம்.

"அதையா தேடறீங்க?" என்றான் மெழுகு சாதாரணமாக. "உங்க அண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாரே. உங்ககிட்ட சொல்லலியா?"

"எப்போ?"

நோட்டைப் புரட்டிக் காட்டினான். முதல் தேதி. கணவரின் கையெழுத்து. வால் நீண்டு, கீழே புள்ளி வைத்த கையெழுத்து. அண்ணிக்கு அதில் சந்தேகமே இல்லை. அட்டையை ஒட்டிவிட்டு எல்லாரும் சிரித்த அதே நாள்.

"என்ன சொல்லி வாங்கிச்சு?" என்றாள் குட்டி.

"அம்மா கேக்கறாங்கன்னார். வெறும் ஈறால மெல்ல முடியலியாம். நான்தான் தேய்ச்சு மெருகு போட்டுக் குடுத்தேன்." மெழுகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏன், பொருந்தலியா?"

பக்கத்து மேஜையில் அரைக்கும் மெஷின் நின்றது.

குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பெட்டியை மூடித் திறந்து மூடினாள். பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்.

"நான் அம்மாவப் பாக்கவே இல்ல அண்ணி."

"எப்ப?"

"கடைசியில. வேற ஊர் ஆஸ்பத்திரி. அண்ணன் மட்டும்தான் கூட இருந்துச்சு. நான் பஸ் புடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள தகனம் வரைக்கும் எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிச்சு. கையில ஒரு மூக்குக் கண்ணாடியும் செருப்பும் குடுத்துச்சு. அதுக்கு மேல நான் கேக்கல. கேக்கத் தோணல. அண்ணன் சொன்னா சரிதானே?"

அண்ணி கணவருக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஆபீஸுக்குச் செய்தாள். எடுத்தவர் ஆச்சரியப்பட்டார். "தெரியாதாம்மா உங்களுக்கு? இந்த மாசம் அஞ்சு நாள் பாதியில கிளம்பிட்டாரே. வீட்டுல ஆஸ்பத்திரி வேலைன்னு சொன்னார்."

அண்ணி எந்தெந்தத் தேதி என்று கேட்டாள். அவர் படித்தார். ஆறு. பதினொன்று. பதினாலு. பதினெட்டு. இருபத்து மூன்று.

மணி மூன்றேகால்.

படகுத்துறையில் காற்று ஆளைத் தள்ளியது. தண்ணீர் ஈயம் மாதிரி கறுத்துக் கிடந்தது. வெள்ளைப் படகு, இரண்டு தட்டு. காற்றுக்குப் பயந்து கூட்டம் குறைவு. கீழ்த்தட்டில் கண்ணாடிக்குள் பத்துப் பதினைந்து பேர் ஒடுங்கியிருந்தார்கள்.

மேல்தட்டின் கைப்பிடியோரமாக இரண்டு பேர்.

அண்ணி நின்றுவிட்டாள். கணவரின் நீலக் கோட்டு. அவர் ஒரு ஆப்பிளைக் கத்தியால் நறுக்காமல், முழுசாகத் துடைத்துப் பக்கத்தில் நீட்டினார். சாம்பல் சால்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. அந்த உருவம் ஆப்பிளைக் கடித்தது. இவ்வளவு தூரத்துக்கு, இந்தக் காற்றில், சத்தம் கேட்க வழியே இல்லை. ஆனாலும் அண்ணிக்குத் தன் பல்லே கூசியது.

"ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் குட்டி. தலையை மெல்ல மெல்லத் திருப்பி, அந்தச் சாவித் துவாரத்தால் படகைத் துழாவினாள். "நான் முதல்ல சொல்றேன். மேல்தட்டு. அண்ணன் நிக்குது. பக்கத்துல அவங்க. கையில ஏதோ சிவப்பா இருக்கு. சரியா, தப்பா?"

அண்ணிக்குத் தப்பு என்று சொல்லிவிடலாம் என்றிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. டாக்டர் சொன்னது மெய்யாகிவிடும், இவளைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போய்விடலாம். குட்டியின் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற முகம்.

"சரி," என்றாள். "ஆப்பிள்."

குட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "என் கண்ணு பொய் சொல்லல அண்ணி. இத்தன நாளா அது பொய்யே சொல்லல! எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருந்தேன்."

அவளுக்குப் பாரம் இறங்கிவிட்டது. இறங்கிய பாரம் அத்தனையும் அண்ணியின் தலையில் ஏறியது.

படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். "வர்றவங்க ஏறுங்க, கிளம்புது!"

"குட்டி, நில்லு. அடுத்ததுல போலாம்..."

குட்டி கையை உதறினாள். பலகையில் கால் வைத்துத் தடுமாறி, கைப்பிடியைத் தேடிப் பிடித்து, உள்ளே போய்விட்டாள். அண்ணி ஓடிப்போய், பலகை நகரும்போதே தாவி ஏறினாள். பின்னால் கரை ஒரு முழம், இரண்டு முழம் என்று விலகியது.

மேல்தட்டுக்குக் குறுகலான இரும்புப் படி. குட்டி முன்னால் ஏறினாள், அண்ணி அவள் இடுப்பைத் தாங்கிப் பின்னால். ஒரு ஆள் இறங்கினால் இன்னொரு ஆள் ஏற முடியாத அகலம். பாதிப் படியில் குட்டி சுவரோடு ஒட்டி ஒரு நொடி நின்றாள். மூச்சு வாங்குகிறாள் என்று அண்ணியும் நின்றாள். பிறகு ஏறினார்கள்.

மேலே காற்று முகத்தில் அறைந்தது.

கணவர் தனியாக நின்றிருந்தார். கையில் கடித்த ஆப்பிள். அவர் முகத்தில் கோபமில்லை, பயமில்லை. பிடிபட்ட களையும் இல்லை. பல நாள் தூங்காதவன் ஒருவழியாகப் படுக்கப் போவது போல ஒரு களைப்பு மட்டும் இருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றார். "நல்லதாப் போச்சு. இனிமே என்னால தனியா முடியாது."

"அவங்க எங்க?" அண்ணியின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "உங்ககூட நின்னவங்க எங்க?"

"அம்மாவா? உங்களப் பாத்ததும் கீழ இறங்கிப் போனாங்களே. படியில பாக்கலியா?"

அண்ணி சுற்றிலும் பார்த்தாள். இந்தப் படகைப் பற்றிப் பத்திரிகையில் பதினோரு தடவை எழுதியிருக்கிறாள். மேல்தட்டுக்கு ஒரே ஒரு படிதான். நாலு பக்கமும் தண்ணீர்.

"யாரும் இறங்கலியே," என்றாள். "நாங்கதானே அந்தப் படியில ஏறி வந்தோம்! ஒருத்தரும் இறங்கலியே!"

குட்டி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை. இத்தனை நாளாக அண்ணி தன்னைப் பார்த்த அதே இரக்கம் இருந்தது.

"என்ன அண்ணி சொல்றீங்க? நான் ஒதுங்கி வழி விட்டேனே," என்றாள் மெதுவாக. "உங்க தோளப் புடிச்சுக்கிட்டுத்தானே அவங்க இறங்கினாங்க."